போர்ட்டிக்சன் கடலுக்கடியில் கிடக்கும் கப்பல்கள்: சிலியாவ் ஒட்டுக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சிலியாவிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது, செம்பனைதான் தெரியும், அதற்கு முன்னால் பால்மரம், அதாவது ரப்பர். ஆனால் மோட்டார் சைக்கிளை முடுக்கினால் கொஞ்ச நேரத்தில் போர்ட்டிக்சன் வந்துவிடும். அந்தக் கடலுக்கடியில் என்ன கிடக்கிறது என்று ஒட்டுக்கடையில் தே குடிக்க உட்காரும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் தொல்லியல் பட்டம் வாங்கியவன் இல்லை. கடலடி அளவைப் படகில் பதினோரு வருஷம், ஒலியால் கடலடியைப் பார்க்கும் சோனார் கருவியின் திரை முன்னால் உட்கார்ந்தவன். குழாய் பதிக்க, துறைமுகத்துக்கு ஆழம் பார்க்க என்று சம்பளத்துக்குச் செய்த வேலை அது. பழைய கப்பல் என்பது அந்த வேலையோடு ஒட்டிக்கொண்ட பைத்தியம். முழங்கால் மக்கர் செய்ததும் கரைக்கு வந்துவிட்டேன், பைத்தியம் மட்டும் போகவில்லை.

நம்ம பக்கத்துக் கடலில் உண்மையிலேயே பழைய கப்பல் இருக்கிறதா, சும்மா கதையா?

இருக்கிறது. 1606 ஆகஸ்டில் தஞ்சோங் துவான் முனைக்கு எதிரே டச்சுக்காரர்களும் போர்த்துக்கீசியர்களும் மோதிக்கொண்டார்கள். அந்த முனைக்குப் போர்த்துக்கீசியர் வைத்த பெயர் காபோ ராச்சாடோ, பிளந்த முனை என்று அர்த்தம். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை நாம் கோழி பொரித்து எடுத்துக்கொண்டு போய், கலங்கரை விளக்கம் வரை ஏறிவிட்டு, மூச்சு வாங்கி உட்காருகிறோமே, அதே இடம்தான்.

டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி 1602இல்தான் தொடங்கியது. நாலே வருஷத்தில் கொர்னேலிஸ் மட்டலீஃப் என்ற தளபதி பதினோரு கப்பலோடு வந்து, ஜொகூர் சுல்தானைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, போர்த்துக்கீசியர் கையிலிருந்த மலாக்காவை முற்றுகை போட்டார். அதைக் காப்பாற்றக் கோவாவின் வைஸ்ராய் மார்ட்டிம் அஃபோன்சோ டி காஸ்ட்ரோ பெரிய படையோடு வந்தார். ஆகஸ்ட் 16 முதல் 18 வரை நடந்த சண்டையில் நான்கு கப்பல்கள் எரிந்து மூழ்கின. டச்சுக்காரர்களின் நசாவ், மிடல்பர்க், போர்த்துக்கீசியர்களின் சாவோ சல்வடோர், டோம் டுவார்ட்டே டி குவேரா. இதில் மிடல்பர்க்கும் அந்த இரண்டு போர்த்துக்கீசியக் கப்பல்களும் ஒன்றோடொன்று சிக்கி, பிரிக்க முடியாமல் மூன்றுமே ஒன்றாக எரிந்தன. நசாவ் தனியாக மாட்டிக்கொண்டு தனியாக எரிந்தது.

அந்த முற்றுகையில் மலாக்கா விழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டச்சுக்காரர்கள் கையில் அது போனது 1641 ஜனவரியில்தான்.

நசாவைக் கண்டுபிடித்தது எப்படி?

போர்ட்டிக்சனுக்கு அப்பால் பம்பெக் திட்டு என்ற ஆழம் குறைந்த பகுதியில் அது கிடந்தது. 1995இல் அகழாய்வு நடந்தது. மலேசிய அருங்காட்சியகத் துறையோடு சேர்ந்து, ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய மென்சன் பவுண்ட் அதை நடத்தினார். பெயரை எங்கேயோ கேட்டமாதிரி இருந்தால் ஆச்சரியமில்லை, 2022இல் அண்டார்ட்டிக்காவில் 3,008 மீட்டர் ஆழத்தில் துருவப் பயணி ஷேக்கிள்டனின் எண்டூரன்ஸ் கப்பலைக் கண்டுபிடித்த குழுவில் தேடலை இயக்கியவரும் அவர்தான். அவருடைய கைதான் நம்ம போர்ட்டிக்சன் சேற்றையும் அளைந்தது என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தோஷம்.

தேடும் முறையைச் சொல்கிறேன், அது நான் நேரில் செய்த வேலை. என் அம்மா பால்வெட்டியவர். ஒரு நிரை முடித்து, திரும்பி அடுத்த நிரை, ஒரு மரமும் விட்டுப்போகக் கூடாது. சோனார் படகும் அப்படியேதான் போகும். கடலில் கோடு கிழித்தமாதிரி ஒரு நிரை போய், திரும்பி, பக்கத்து நிரையைக் கொஞ்சம் தொட்டுக்கொண்டே வரவேண்டும். படகுக்குப் பின்னால் கேபிளில் ஒரு நீளமான உருளை நீருக்குள் வரும். அது இரண்டு பக்கமும் ஒலியை வீசி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்கித் தரும். பழகியவன் அந்தப் படத்தில் பொருளைத் தேடமாட்டான், நிழலைத்தான் தேடுவான். தரைக்கு மேலே ஏதாவது துருத்திக்கொண்டிருந்தால் அதற்குப் பின்னால் ஒலி போகாது, அங்கே நீளமாக ஒரு வெற்றிடம் விழும். அந்த நிழலின் நீளத்தை வைத்துப் பொருளின் உயரத்தைக் கணக்குப் போடலாம்.

இதோடு மேக்னட்டோமீட்டர் என்ற கருவியும் இருக்கிறது. பூமியின் காந்தப்புலத்தை இரும்பு கொஞ்சம் இழுத்துக் குழப்புமல்லவா, அந்தக் குழப்பத்தை இது காட்டும். நங்கூரமும் இரும்புப் பீரங்கியும் சேற்றுக்குள் முழுதாகப் புதைந்திருந்தாலும் ஊசி துள்ளும். ஆனால் பழைய ஃபிரிட்ஜுக்கும் துள்ளும். ஒரு நாள் ராத்திரி முழுக்கக் கண் விழித்து, காலையில் முக்குளிப்பவரை இறக்கி, அவர் மேலே வந்து “டிராக்டர் சக்கரம்ணே” என்று சொன்னதை நான் மறக்கமாட்டேன்.

தண்ணீருக்குள் எப்படித் தோண்டுவார்கள்? மண்வெட்டி எடுத்துக்கொண்டு போவார்களா?

மண்வெட்டி இல்லை, குழாய். அகலமான குழாயின் அடிப்பக்கம் காற்றை அழுத்தி விட்டால், காற்றுக்குமிழ்கள் மேலே ஏறும்போது அடியிலிருக்கும் தண்ணீரையும் சேற்றையும் இழுத்துக்கொண்டு போகும். முக்குளிப்பவர் ஒரு கையால் சேற்றை விசிறி விசிறி அந்தக் குழாய் வாய்க்குத் தள்ளுவார். கை விசிறல்தான் முக்கியமான ஆயுதம். அதைவிட வேகமாகப் போனால் உள்ளே இருப்பது உடையும்.

மலாக்கா நீரிணை இதற்கு நல்ல இடம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் சேறு, அப்புறம் ஏற்ற இறக்கத்தோடு திசை மாறும் இழுப்பு. நீரோட்டம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்பும் முன் கொஞ்ச நேரம் சும்மா நிற்கும், வேலை பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். முகத்துக்கு முன்னால் நீட்டிய கை தெரியாத நாளும் உண்டு, அப்போது விரல்தான் கண்.

இந்த இருட்டிலும் விடாமல் செய்யும் ஒரு காரியம் அளப்பது. சிதைவின் மேல் கம்பிச் சட்டங்களைக் கட்டமாக வைத்து, எந்தக் கட்டத்தில், எவ்வளவு ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் ஒவ்வொரு துண்டும் கிடந்தது என்று எழுதிக்கொண்ட பிறகுதான் தூக்குவார்கள். சாப்பாட்டுத் தட்டும் அடுப்புச் செங்கலும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் அங்கே சமையலறை. குண்டுகள் ஒரே பக்கம் குவிந்து கிடந்தால் கப்பல் அந்தப் பக்கம் சாய்ந்து விழுந்திருக்கலாம். தட்டை மட்டும் மேலே கொண்டுவந்து கடையில் வைத்துவிட்டால் அது வெறும் தட்டு, எவ்வளவு விலை போனாலும் சரி.

கப்பலை அப்படியே முழுசாகத் தூக்க முடியாதா?

தூக்கியிருக்கிறார்கள், குளிர்ந்த நாடுகளில். ஸ்வீடனில் வாசா 1961இல், இங்கிலாந்தில் மேரி ரோஸ் 1982இல். வாசாவின் மரம் காய்ந்து சுருங்காமலிருக்க, பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற ரசாயனத்தைக் கரைத்துப் பதினேழு வருஷம் அதன்மேல் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். பதினேழு வருஷம்! நம்ம ஊரில் சாலையில் ஒரு குழியை மூடுவதற்கே…. சரி, வேண்டாம்.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், நம்ம கடலில் தூக்குவதற்கு மரம் மிஞ்சினால்தானே? கப்பல் புழு என்று ஒன்று உண்டு. பெயர்தான் புழு, உண்மையில் சிப்பி வகை. மரத்துக்குள் துளைபோட்டுக் குடியிருக்கும். பால்டிக் கடலில் உப்பு குறைவு, அண்டார்ட்டிக்காவில் அது வாழ்வதே இல்லை, அதனால்தான் வாசாவும் எண்டூரன்ஸும் அப்படி நிற்கின்றன. நம்ம வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் அதற்குக் கல்யாண வீடு. சேற்றுக்குள் உடனே புதைந்த அடிப்பாகம் மட்டும், காற்றும் புழுவும் எட்டாததால் தப்பிக்கும். ஆக, நம்ம பக்கம் “கப்பல்” என்றால் நீங்கள் சினிமாவில் பார்க்கும் பாய்மரக் கம்பம் நிற்கும் கப்பல் இல்லை. ஒரு மேடு, கொஞ்சம் கல், பீரங்கி, உடைந்த பானை, அதற்குக் கீழே கொஞ்சம் பலகை.

சோழர் கப்பல் ஏதாவது கிடைத்ததா அண்ணே?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான், கேட்கும்போது குரலே மாறிவிடும். பதில் பலருக்குப் பிடிக்காது. சோழர் கப்பல் என்று அடையாளம் சொல்லக்கூடிய சிதைவு ஒன்றுகூட இதுவரை கடலுக்கடியில் கிடைக்கவில்லை.

அதற்காக அவர்கள் வரவில்லை என்று ஆகாது. 1025இல் ராஜேந்திர சோழன் கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தின் மற்ற துறைமுகங்களையும் தாக்கியதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஒவ்வொரு ஊராகப் பெயர் சொல்லி எழுதிவைத்திருக்கிறது. சுமத்ராவின் பாருஸில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது, ஐந்நூற்றுவர் என்ற வணிகக் கூட்டத்தார் வைத்தது. கல் பேசுகிறது, கடல்தான் வாய் திறக்கவில்லை. ஏன்?

இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். கடலடியில் ஒரு பழைய வணிகக் கப்பலை நாம் எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? பலகையை வைத்து இல்லை, அதைத்தான் புழு தின்றுவிட்டதே. அது சுமந்துவந்த சரக்கின் மேட்டை வைத்துத்தான். சீனாவிலிருந்து வந்த கப்பலில் பீங்கான் இருந்தது, பீங்கானைப் புழு தின்னாது, உப்பு கரைக்காது, ஆயிரம் வருஷம் ஆனாலும் கழுவிச் சோறு போட்டுச் சாப்பிடலாம். இந்தோனேசியாவின் பெலித்துங் தீவுக்குப் பக்கத்தில் 1998இல் கிடைத்த கப்பலைப் பாருங்கள். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்துக் கட்டிய மேற்கத்திக் கப்பல் அது, அரபுப் பக்கத்துக் கட்டுமானம் என்கிறார்கள். ஆனால் உள்ளே இருந்தது ஏறக்குறைய 60,000 சீனப் பாண்டங்கள், பெரும்பாலும் கிண்ணங்கள். பெரிய ஜாடிகளுக்குள் கிண்ணங்களைச் சுருள் சுருளாக அடுக்கி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு கிண்ணத்தில் கி.பி. 826க்குச் சமமான சீனத் தேதியே எழுதியிருந்தது.

நம்ம கரையிலிருந்து கிளம்பிய கப்பலில் என்ன இருந்தது? துணி. சோழமண்டலக் கரையின் பெரிய சரக்கே துணிதான், அதோடு அரிசி, மிளகு மாதிரி பொருள்கள். கடலில் விழுந்த துணி எத்தனை நாள் தாங்கும்? அப்படி ஒரு கப்பல் மூழ்கினால் மேடே இருக்காது, சோனாரில் நிழலும் விழாது. கடலுக்கடியில் சீனத் தட்டு மட்டும் தெரிவதால் சீனன் மட்டும்தான் வியாபாரம் செய்தான் என்று நினைப்பது, கல்யாண மண்டபத்தில் மறுநாள் காலை போய்ப் பார்த்துவிட்டு, எவர்சில்வர் டம்ளர்தான் கிடக்கிறது, அதனால் யாரும் சோறு சாப்பிடவில்லை என்று சொல்வது போல.

இன்னும் இரண்டு விஷயம். பகாங்கின் பொந்தியான் பக்கம் 1926இல் ஒரு பழைய படகின் துண்டு கிடைத்தது, பலகைகளை நாரால் தைத்துக் கட்டியது, கி.பி. 3 முதல் 5ஆம் நூற்றாண்டுக்குள் என்று கணிக்கப்பட்டது. அது இந்தப் பக்கத்து மக்களின் சொந்தக் கைவேலை. நாம் வந்துதான் இவர்களுக்குக் கப்பல் கட்டக் கற்றுக்கொடுத்தோம் என்று மேடையில் பேசுபவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, நியூசிலாந்து அருங்காட்சியகத்தில் தமிழ் எழுத்துள்ள ஒரு வெண்கலக் கப்பல் மணி இருக்கிறது, முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று அதில் எழுதியிருக்கிறது. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி பார்த்தபோது மவோரி மக்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம். கப்பல் எங்கே போனதோ, மணி சட்டியாகிவிட்டது.

மெட்ராஸுக்குப் போன கப்பல் ஒன்று மலாக்காவில் மூழ்கியதாமே?

ஆமாம், டயானா. சீனாவின் கான்டனிலிருந்து மெட்ராஸுக்குப் போகும் வழியில் 1817 மார்ச் 4ஆம் தேதி தஞ்சோங் பிடாராவுக்கு எதிரே பாறையில் மோதி மூழ்கியது. டோரியன் பால் என்பவர் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய ஆவணங்களை வருஷக்கணக்காகப் புரட்டி, 1993 டிசம்பரில் அதைக் கண்டுபிடித்தார். ஏறக்குறைய 24,000 பீங்கான்கள் மேலே வந்தன. 1995இல் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போட்டார்கள், 30 லட்சம் அமெரிக்க டாலருக்குச் சற்றுக் குறைவாகப் போனது. மெட்ராஸில் யாரோ ஒரு துரை வீட்டு மேசைக்குப் போக வேண்டிய தட்டு, 178 வருஷம் கழித்து ஐரோப்பாவில் யார் வீட்டு அலமாரிக்கோ போய்ச் சேர்ந்தது.

கதை அங்கே முடியவில்லை. மலேசிய அரசோடு 1991இல் ஒப்பந்தம் போட்டுத்தான் மீட்பு நடந்தது. ஏலத்துக்குப் பிறகு பங்குத் தொகையில் தகராறு. கடைசியில் அது உலக வங்கியைச் சேர்ந்த சர்வதேச முதலீட்டுத் தகராறு மையம் வரை போனது. அங்கே கேள்வி என்ன தெரியுமா? கடலுக்கடியில் கப்பலைத் தேடி எடுப்பது “முதலீடு” ஆகுமா? 2007இல் ஆகாது என்றார்கள், 2009இல் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார்கள். வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. இருபத்துநாலாயிரம் பொருளை விற்றுத்தான் செலவை ஈடுகட்ட வேண்டும் என்று ஆரம்பித்தாலே, அவை ஒரே கப்பலின் சரக்காக ஓரிடத்தில் இருக்கப்போவதில்லை. யுனெஸ்கோ 2001இல் கொண்டுவந்த உடன்படிக்கை வணிகத்துக்காகத் தோண்டுவதையே எதிர்க்கிறது, முடிந்தவரை கிடக்கும் இடத்திலேயே விட்டுவிடு என்கிறது. எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது, ஆனால் விட்டுவைத்தால் திருடன் எடுத்துவிடுவானே என்று கேட்பவரிடம் சட்டென்று சொல்ல என்னிடம் பதில் இல்லை.

திருடர்கள் அவ்வளவு இருக்கிறார்களா?

1984 வாக்கில் மெர்சிங் பக்கம் ரிஸ்டாம் என்ற டச்சுக் கப்பலில் (1727இல் மூழ்கியது) வெள்ளீயத்தையும் யானைத் தந்தத்தையும் எடுக்க ஆள்கள் இறங்கிவிட்டார்கள். அப்புறம்தான் அருங்காட்சியகத் துறை மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஆள் வரவழைத்து மிச்சத்தை அளந்தது.

அதைவிட மனதைப் பிசைவது குவாந்தானுக்கு அப்பால் கிடக்கும் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள். 1941 டிசம்பர் 10ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன, 840 பேர் இறந்தார்கள். அது கல்லறை. அதைக் கிரேன் நகத்தால் பிய்த்து இரும்பாக விற்கிறார்கள். 2023 மே மாதம் ஜொகூர் கடலில் ஒரு சீன மீட்புக் கப்பலை நம்ம கடல்சார் அமலாக்கத் துறை பிடித்தது, அனுமதியில்லாமல் நங்கூரம் போட்டதற்காக. உள்ளே பழைய பீரங்கிக் குண்டுகள் இருந்தன.

ஃப்ளோர் டி லா மார் தங்கம்?

ஒட்டுக்கடையில் எல்லாருக்கும் பிடித்த கப்பல். 1511 ஆகஸ்டில் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியத் தளபதி அல்புகெர்க், கொள்ளையடித்ததை ஏற்றிக்கொண்டு கிளம்பி, சில மாதத்தில் சுமத்ரா கரையோரம் புயலில் கப்பலை இழந்தார், அவர் உயிர் தப்பினார். இன்றுவரை இதுதான் அது என்று யாரும் நிரூபித்ததில்லை. மலாக்காவில் ஆற்றோரம் நிற்பது நகல், கடல்சார் அருங்காட்சியகம், உள்ளே ஏறிப் பார்க்கலாம். அதில் தங்கம் இல்லை, குளிர்சாதனம் உண்டு.

ஒரு கிளைக்கதை மட்டும். அந்த வெற்றிக்குப் பிறகு போர்த்துக்கீசியர்கள் மலாக்காவில் இந்துக்களுக்குத் தலைவராக, பெண்டஹாரா பதவியில் வைத்தது ஒரு தமிழ் வணிகரை. அவர்கள் எழுதிவைத்த பெயர் நீனா சாட்டு. 1514இல் பதவி பறிபோனதும் தீக்குளித்து இறந்தார். தங்கத்தைத் தேடுபவர்கள் இவரைப் பற்றி ஒரு நிமிஷம் கேட்டதில்லை.

எங்க தாத்தா வந்த ரஜூலா கப்பல் எங்கே மூழ்கியது?

மூழ்கவில்லை. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் நாகப்பட்டினம், மெட்ராஸ், பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று ஓடி, 1970களில் பம்பாயில் உடைக்கப்பட்டது. அதற்கு அடுத்து ஓடிய சிதம்பரம் 1985இல் தீப்பிடித்தது, அதுவும் மூழ்கவில்லை. என் பாட்டியும் ரஜூலாவில் வந்தவர்தான். டெக்கில் படுத்து வந்ததையும், வாந்தியையும், கப்பல் கஞ்சியையும் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

வலையில் ஏதாவது மாட்டினால் எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம், சட்ட எண் 645, நீருக்கடியில் நூறு வருஷத்துக்கு மேல் கிடந்த மனிதச் சுவடுகளைத் தனியாகக் கவனிக்கிறது. தற்செயலாகக் கண்டால்கூட முடிந்த சீக்கிரத்தில் மரபுடைமை ஆணையருக்கோ துறைமுக அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும். உரிமம் இல்லாமல் தேடி எடுப்பது குற்றம். 1941 கப்பல்கள் இந்த நூறு வருஷக் கணக்குக்கு வர 2041 ஆக வேண்டும், என்ன செய்வது.

நடைமுறையில் நான் சொல்வது இவ்வளவுதான். கைபேசியில் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பொருளைக் காயவிடாதீர்கள், சுரண்டாதீர்கள். முதல் விஷயம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

என் மகள் இந்தக் கடலடித் தொல்லியலைப் படிக்க முடியுமா?

தாராளமாக. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் உலகத் தொல்லியல் ஆய்வு மையம் இருக்கிறது. மலேசிய திரெங்கானு பல்கலைக்கழகத்தார் பூலாவ் பீடோங் தீவுப் பக்கத்துச் சிதைவில் வேலை செய்திருக்கிறார்கள். முக்குளிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். நீச்சல் தெரியாத பிள்ளையானால் முதலில் அதற்கு அனுப்புங்கள். பூரானுக்குப் பயப்படாத தோட்டத்துப் பிள்ளைகள் தண்ணீருக்குப் பயப்படுவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

நசாவ் பொருள்களை எங்கே பார்க்கலாம்?

லுக்குட் அருங்காட்சியகத்தில், போர்ட்டிக்சன் போகிற வழியிலேயே. பீரங்கிகள், குண்டுகள், பானை ஓடுகள். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் பீரங்கியில் நேரத்தை முழுக்கச் செலவழிக்காமல் சின்னப் பொருள்களையும் காட்டுங்கள். நாங்கள் கோயில் இளைஞர்களை வேனில் கூட்டிப்போனபோது ஒரு பையன் ஒரு மண்பாண்டத்தைப் பார்த்து, “இது எங்க பாட்டி ஊறுகாய் ஜாடி மாதிரியே இருக்குண்ணே” என்றான். அவன் பார்த்ததுதான் சரியான பார்வை.

நீங்கள் எதுவும் எடுத்து வைத்துக்கொள்ளவில்லையா? உண்மையைச் சொல்லுங்கள்.

கேட்டுவிட்டீர்கள், சொல்லித்தான் ஆகவேண்டும். படகு வேலைக்குப் போகும் முன்பே, எனக்குப் பதினாலு வயது இருக்கும்போது நடந்தது. எங்கள் வீட்டில் கோழி வாங்க ஒரு மலாய் மீனவர் வருவார், பாக் சிக் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு தடவை வலையில் வந்ததென்று ஒரு கட்டியை என்னிடம் கொடுத்தார். சிப்பியும் மணலும் சுண்ணாம்பும் ஒட்டிய உருண்டை, பார்த்தால் கல், தூக்கினால் கை இறங்கியது.

அப்பா பால் ஸ்டோரில் வேலை. பாலை உறையவைக்கும் பார்மிக் ஆசிட் அங்கே இருக்கும். கொஞ்சம் கேட்டால் கிடைக்காது என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் கலந்து கட்டியைப் போட்டேன், நுரைத்துப் பொங்கியது. மறுநாள் ஓடு கழன்று, ஆரஞ்சுப் பழத்தைவிடப் பெரிதாக, கறுப்பாக, வழவழவென்று ஓர் இரும்புக் குண்டு. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை அதற்குப் பிறகு எதற்கும் வந்ததில்லை. அம்மா கருவாடு காயப்போட்டிருந்த தகரக் கூரையில் அதையும் காயவைத்தேன்.

இரண்டு வாரத்தில் அது வியர்க்க ஆரம்பித்தது. பொட்டுப் பொட்டாகப் பழுப்பு நீர். துடைத்தேன், மறுபடி வியர்த்தது. அப்புறம் வெங்காயம் மாதிரி தோல் தோலாக உரிந்தது. ஒரு மழை நாளில் நடுவே பிளந்து இரண்டாகிவிட்டது. ஏன் என்று வருஷங்கள் கழித்துத்தான் புரிந்தது. கடலில் கிடந்த இரும்பின் உள்ளே உப்பின் குளோரைடு ஊறிப்போயிருக்கும். காற்றும் ஈரமும் பட்டதும் அது உள்ளிருந்து தின்னத் தொடங்கும். அந்தச் சுண்ணாம்பு ஓடுதான் அத்தனை காலம் அதைக் காப்பாற்றியது, நான் அதைத்தான் ஆசிட்டில் கரைத்தேன். ஆய்வுக்கூடத்தில் காரக் கரைசலில் மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் ஊறவைத்து, மின்சாரம் செலுத்தி, உப்பை வெளியே இழுத்த பிறகுதான் காயவிடுவார்கள்.

பின்னாளில் அந்தத் தூளை ஒரு நிபுணரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திட்டவில்லை. “எந்த இடத்தில் கிடைத்தது?” என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியாது. பாக் சிக் அன்றைக்கு, “சானா”, அதாவது அங்கே என்று கடல் பக்கம் தாடையை நீட்டிக் காட்டினார், அவ்வளவுதான். நானும் கேட்கவில்லை, அவரும் இப்போது உயிரோடு இல்லை. அது 1606 குண்டாகவும் இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம்.

மிச்சம் ஒரு மைலோ டின்னில் இருக்கிறது, அலமாரிக்கு மேலே. பார்க்க வேண்டுமென்றால் வாருங்கள். மூடியைத் திறக்கும்போது மின்விசிறியை மட்டும் நிறுத்திவிட வேண்டும்.